பல்பை மாற்ற ஏழு நாள் கொடுங்கள்

போடிமெட்டில் சாரல் காலத்தில் காலை எட்டு மணிக்கும் ஹெட்லைட் போடாமல் வண்டி ஓட்ட முடியாது. மூடுபனி இறங்கிவிட்டால் எதிரே வரும் பஸ்ஸின் விளக்குதான் முதலில் தெரியும்; பஸ் அப்புறம்தான் தெரியும். அந்தப் பாதையில் தினமும் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் ஏறத் தொடங்குகின்றன. போடி, தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர் பக்கத்துக் கூலித் தொழிலாளர்கள், அவர்களில் பெரும்பாலும் பெண்கள், இடுக்கி மாவட்டத்தின் ஏலத் தோட்டங்களுக்குக் களை எடுக்கவும் காய் எடுக்கவும் போகிறார்கள். சிலர் போடிமெட்டு வழியாகப் பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும், சிலர் கம்பம்மெட்டு வழியாக நெடுங்கண்டம் பக்கமும், சிலர் குமுளி வழியாகவும். பொழுது சாயும்போது அதே ஜீப்பில் இறக்கம்.

அந்த ஜீப்புகளில் ஒன்றைக் கேரள மோட்டார் வாகன ஆய்வாளர், அதாவது பிரேக் இன்ஸ்பெக்டர், எல்லைக்கு மேலே நிறுத்துகிறார். ஒரு பக்க ஹெட்லைட் எரியவில்லை. “சாரே, அடிவாரத்துல ரெண்டும் எரிஞ்சது. முந்தல் தாண்டி மேல ஏறையிலதான் ஒண்ணு போயிருச்சு” என்கிறார் ஓட்டுநர். “கோடதியில் பறஞ்ஞால் மதி” என்று பதில் வருகிறது. நீதிமன்றத்தில் சொல்லிக்கொள் என்பது பொருள். கையிலிருக்கும் கருவியில் வண்டி எண்ணை அடித்து, ஒரு படம் எடுத்து, சலான் போட்டாகிவிட்டது. இந்த மலைப்பாதைகளில் இது அன்றாடம் நடக்கிற காட்சி. ஓட்டுநர் சொல்வது உண்மையாக இருக்கலாம். குலுங்கிக் குலுங்கி ஏறும் தோட்டத்துச் சாலையில் பல்பின் இழை அறுவதும், மழைநீர் டூமுக்குள் இறங்குவதும், எர்த் ஒயர் லூசாகி விளக்கு விட்டுவிட்டு எரிவதும் எல்லா மெக்கானிக்குகளும் அறிந்ததுதான். பிரேக் இன்ஸ்பெக்டர் செய்ததிலும் தவறில்லை. பனிமூட்டத்தில் ஒற்றைக் கண்ணோடு வரும் ஜீப்பை எதிரே வருகிறவர் பைக் என்று நினைத்து ஒதுங்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது அவருக்கும் தெரியும்.

என் மனக்குறை அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றியது. நீதிமன்றத்தில் சொல்லிக்கொள் என்று சொல்லப்பட்டவர்களில் எத்தனை பேரால் நீதிமன்றம் வரை போய் அதைச் சொல்ல முடிகிறது? மறுத்துச் சொல்லும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. ஆனால் பாலக்காடு, இடுக்கி எல்லையில் வண்டி ஓட்டிப் பிழைக்கும் தமிழருக்கு அந்த உரிமை கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. ஆகவே குற்றம் செய்தவரும் செய்யாதவரும் ஒரே மாதிரி பணம் கட்டுகிறார்கள். பழுது பல நேரம் பழுதாகவே இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். விளக்கு, ஹாரன், சைலன்சர், ரிஃப்ளெக்டர் போன்ற கோளாறுகளுக்கு ஒரே பிரிவு இல்லை. சிறு விதிமீறலுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 177ஆம் பிரிவு: முதல் தடவை 500 ரூபாய் வரை, மறுபடி செய்தால் 1,500 ரூபாய் வரை. வண்டி ஆபத்தான நிலையில் ஓட்டப்பட்டது என்றால் 190ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு: 1,500 ரூபாய். சத்தம், புகை, சாலைப் பாதுகாப்பு சார்ந்த தர விதிகளை மீறினால் அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு: மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் பறிபோகும். வண்டியின் அமைப்பையே மாற்றியதாகச் சொன்னால் 182ஏ பிரிவின் நான்காம் உட்பிரிவு: ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது இரண்டும். ஒரே சைலன்சரை எந்தப் பிரிவில் எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்து ஓட்டுநரின் தலையெழுத்து மாறும். சலான் கையில் வந்ததும் தொகையைப் பார்ப்பதற்கு முன் பிரிவைப் பார்க்க வேண்டும் என்று நான் பார்க்கும் ஓட்டுநர்களிடமெல்லாம் சொல்வது இதனால்தான்.

190(1) என்று எழுதியிருந்தால் அந்தப் பிரிவின் சொற்களை நிதானமாகப் படிக்க வேண்டும். வண்டியில் கோளாறு இருந்தால் மட்டும் போதாது. அந்தக் கோளாறு ஓட்டுநருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது சாதாரணக் கவனம் செலுத்தினாலே தெரிந்திருக்கக் கூடியதாக இருக்க வேண்டும். அத்துடன் அது வண்டி ஓட்டுவதையே ஆபத்தாக்கும் வகையிலான கோளாறாகவும் இருக்க வேண்டும். புறப்படும்போது இரண்டு விளக்கும் எரிந்ததைப் பார்த்துவிட்டு வந்தவருக்குப் பதினைந்தாவது வளைவில் பல்பு போனால், சாதாரணக் கவனத்தில் அவர் குறை வைக்கவில்லை. இது சட்டத்தின் எழுத்திலேயே இருக்கிற பதில்.

விளக்கு பற்றிய மத்திய மோட்டார் வாகன விதி 105ம் அப்படித்தான். சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பிறகும், போதிய வெளிச்சம் இல்லாத எந்த நேரத்திலும் விளக்குகள் எரிய வேண்டும். முன்னால் 155 மீட்டர் வரை ஆளும் வண்டியும் தெளிவாகத் தெரிய வேண்டும். பனி மூடிய போடிமெட்டுக்கு இந்த விதி காலை எட்டு மணிக்கும் பொருந்தும். வெயில் காயும் கொழிஞ்சாம்பாறைச் சாலையில் மதியம் இரண்டு மணிக்கு எழுதிய சலானுக்கு எந்த விதி பொருந்துகிறது என்று கேட்க வண்டிக்காரருக்கு உரிமை உண்டு. இன்னொன்றும் இருக்கிறது. ஹெல்மெட் இல்லாத தலை படத்தில் தெரியும். எரியாத விளக்கும் அணைத்து வைத்த விளக்கும் படத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும். சுவிட்சைப் போட்டுப் பார்த்தார்களா, டிம்மும் பிரைட்டும் மாற்றிப் பார்த்தார்களா என்பது சலானில் பெரும்பாலும் இருக்காது. கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல் அபராதம் விதிக்கத் தொடங்கிய 726 கேமராக்களைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறோம். ஆனால் வண்டியின் கோளாறுக்கான வழக்குகள் இன்றும் சாலையோரத்தில் நிற்கும் ஒரு மனிதரின் கண்ணை நம்பித்தான் இருக்கின்றன. மனிதரின் கண் தவறும். 2022இல் மலப்புறம் மாவட்டத்தில் மின்சார ஸ்கூட்டர் ஒன்றுக்குப் புகைச் சான்றிதழ் இல்லை என்று 250 ரூபாய் அபராதம் எழுதினார்கள். புகையே வராத வண்டி அது. செய்தி பரவியதால் ஊருக்குத் தெரிந்தது. பரவாமல் போன எத்தனையோ சலான்களுக்கு யாரோ பணம் கட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

“250 ரூபாய்தானே, கட்டித் தொலைத்துவிட்டு வேலையைப் பார்” என்று வீட்டிலும் ஸ்டாண்டிலும் சொல்வார்கள். ஒரு நாள் வண்டி நின்றால் போகும் வாடகையைக் கணக்குப் பார்த்தால் அது நியாயமான பேச்சுதான். ஆனால் 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 200ஆம் பிரிவில் ஒரு வரியைச் சேர்த்தார்கள். அது பலருக்கும் தெரியாது. நீதிமன்றம் போகாமல் துறையிடமே இணக்கத் தொகை கட்டி முடித்துக்கொண்டாலும், பின்னால் அதே குற்றம் வந்தால் அது இரண்டாவது குற்றமாகவே கணக்கில் வரும் என்பதுதான் அந்த வரி. செய்யாத குற்றத்துக்குத் தொல்லை வேண்டாமென்று இன்று கட்டும் 250 ரூபாய், நாளைக்கு உண்மையாகவே பல்பு போகும் நாளில் பழைய குற்றவாளி என்ற பெயரோடு திரும்பி வரும். பேட்ஜ் வைத்துப் பிழைக்கும் ஓட்டுநருக்கு இது விளையாட்டில்லை.

சரி, கட்டாமல் மறுக்கலாம் என்று முடிவெடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேரளத்தில் குறித்த கெடுவுக்குள் கட்டாத இ-சலான் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போகிறது. அங்கே கணினித் திரையில் இரண்டு வழி காட்டுவார்கள்: அபராதத்தைக் கட்டுகிறேன், அல்லது வழக்கை எதிர்கொள்கிறேன். முதல் வழியைத் தொட்டால் பணம் கட்டும் பக்கம் வரும், ஐந்து நிமிடத்தில் முடிந்தது. இரண்டாவதைத் தொட்டால் வழக்கு சம்பவம் நடந்த எல்லைக்குரிய மாஜிஸ்டிரேட் நீதிமன்றத்துக்குப் போகும். இடுக்கியில் தேவிகுளமோ பீருமேடோ நெடுங்கண்டமோ கட்டப்பனையோ அடிமாலியோ. பாலக்காட்டுப் பக்கம் சித்தூரோ பாலக்காடோ. மறையூர்க்காரர் மூணாறு வருவதற்கே நாற்பது கிலோமீட்டர் மலைச்சாலை. தேவிகுளம் அதையும் தாண்டி. தேனி எண்ணான டி.என். 60 வண்டிக்காரரோ பொள்ளாச்சி எண்ணான டி.என். 41 வண்டிக்காரரோ மாநிலம் தாண்டிப் போக வேண்டும். முதல் வாய்தாவில் வழக்கு முடிவதில்லை. சலான் எழுதியவர் இடம் மாறியிருப்பார், அல்லது அன்று வேறு பணியில் இருப்பார். வக்கீலுக்குக் கொடுக்கும் ஒரு நாள் பீஸ் அபராதத் தொகையைத் தாண்டிவிடும்.

இதற்கிடையில் வாகன் இணையதளத்தில் சலான் நிலுவை என்று நிற்கும். எட்டு வருடம் கடந்த வாடகை வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று வேண்டும். எஃப்.சி. தேதி நெருங்கும்போது நிலுவைச் சலான் குறுக்கே நின்றால், நியாயம் தன் பக்கம் இருப்பவரும் தோற்றுப்போய்ப் பணத்தைக் கட்டுவார். வண்டியைக் கைமாற்றி வாங்கியவர்களின் பாடு இன்னும் மோசம். ஆர்.சி.யில் பழைய செல்போன் எண்ணே இருக்கும். சலான் செய்தியும் ஓ.டி.பி.யும் பழைய உரிமையாளருக்குப் போகும். வழக்கு மெய்நிகர் நீதிமன்றத்தைத் தாண்டி சாதாரண நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் இவருக்குத் தெரியவரும்.

சட்டப்படி கட்டுவது கசக்கும்போதும் சட்டப்படி மறுப்பது முடியாதபோதும் மூன்றாவது வழி ஒன்று தானாகத் திறக்கிறது. 2025 ஜனவரியில் பாலக்காடு மாவட்டத்தின் எல்லையோர மோட்டார் வாகனச் சோதனைச் சாவடிகளில் கேரளத்தின் லஞ்ச ஒழிப்புத் துறையான விஜிலன்ஸ் திடீர்ச் சோதனை நடத்திக் கணக்கில் வராத பணத்தைக் கைப்பற்றியது. வாளையார் வழியாகவும் கோவிந்தாபுரம் வழியாகவும் காய்கறியும் தேங்காயும் ஏற்றிப் போகும் எவருக்கும் அந்தச் செய்தி அதிர்ச்சி தரவில்லை. எனக்கு அதுதான் வேதனை. தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல இடம் கிடைக்கும் என்று நம்பும் ஓட்டுநர் கைநீட்டுகிறவரிடம் மறுத்து நிற்பார். அந்த நம்பிக்கை இல்லாதவர் எப்படி நிற்பார்?

மொழியைப் பற்றிப் பேசாமல் இந்த எல்லையைப் பற்றிப் பேச முடியாது. தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை, சித்தூர் வட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வாழ்கிறார்கள். 1956 நவம்பர் 1இல் மாநில எல்லை வரையப்பட்டபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு நின்றன. மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அரசு அலுவலகங்களோடு தமிழிலும் கன்னடத்திலும் எழுத்துத் தொடர்பு கொள்ளலாம், பதிலும் அந்த மொழியிலேயே வர வேண்டும் என்கிறது. அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு, குறை சொல்லி முறையிடும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது. ஆனால் சலானும் சம்மனும் ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ வருகின்றன. மலையாளம் பேசினால் புரிந்துகொள்ளும் எத்தனையோ எஸ்டேட் ஓட்டுநர்களுக்கு மலையாள எழுத்து தெரியாது. எந்தப் பிரிவில் குற்றம் என்று படிக்கவே இன்னொருவர் துணை வேண்டும் என்றால், அதை எதிர்த்துப் பேசுவது எங்கே?

நீதிமன்றத்துக்குள் நிலைமை சற்று மேல். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் வந்தால், அவருக்குப் புரியும் மொழியில் திறந்த நீதிமன்றத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 279ஆம் பிரிவில் இருந்த இந்தப் பாதுகாப்பு, 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. கேட்டால்தான் கிடைக்கும். கேட்கலாம் என்று தெரிந்தவர்கள் குறைவு.

மறுத்துப் போராடுவதால் என்ன வந்துவிடப்போகிறது என்று சலித்துக்கொள்கிறவர்களுக்குக் கேரளத்திலிருந்தே இரண்டு வழக்குகளைக் காட்டுவேன். கார்க் கண்ணாடியில் ஒட்டும் ஃபிலிமைப் பற்றியது ஒன்று. 2012 ஏப்ரலில் அவிஷேக் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்ணாடியில் எந்த ஃபிலிமும் ஒட்டக் கூடாது என்று சொன்னது. அன்று முதல் நாடெங்கும் சாலையோரத்தில் ஃபிலிமைக் கிழிப்பதும் அபராதம் போடுவதும் நடந்தன. பின்னால் மத்திய விதி 100 திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் 1 முதல், குறிப்பிட்ட அளவு ஒளி ஊடுருவுமானால் பாதுகாப்புப் பூச்சுள்ள கண்ணாடிக்கு இடம் கிடைத்தது: முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கவாட்டில் 50 சதவீதம். விதி மாறியது, அபராதம் மாறவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2024 செப்டம்பரில் நீதிபதி என்.நகரேஷ், அந்த அளவு ஒளி ஊடுருவும் ஃபிலிமுக்கு அபராதம் போட அதிகாரிகளுக்கு உரிமையில்லை என்று தீர்ப்பளித்தார். விதி திருத்தப்பட்ட நாளுக்கும் அந்தத் தீர்ப்புக்கும் இடையே மூன்று வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. சலானைக் கட்டிவிட்டு எல்லாரும் போயிருந்தால் அந்தத் தீர்ப்பே வந்திருக்காது.

மற்ற வழக்கு எதிர்த்திசையில் முடிந்தது. வண்டியின் அமைப்பை மாற்றலாமா என்பதில் கேரள உயர் நீதிமன்றம் வண்டி உரிமையாளர்களுக்குச் சாதகமாகச் சொல்லியிருந்ததை, 2019 ஜனவரி 9இல் ஜெயசந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் புரட்டிப் போட்டது. தயாரிப்பாளர் கொடுத்த, ஆர்.சி.யில் பதிவான அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது இன்றைய சட்டம். ஜீப்புக்குக் கூடுதலாக எல்.இ.டி. பார் லைட் மாட்டிவிட்டு, பனிக்காகத்தான் மாட்டினேன் என்று வாதாடினால் எடுபடாது. இதையும் ஓட்டுநர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எதிரே வருகிறவரின் கண்ணைக் குருடாக்கும் விளக்குக்கு நான் பரிந்து பேச மாட்டேன்.

பாதுகாப்பைப் பற்றி இந்த மலைகளில் வாழ்கிறவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2022 அக்டோபரில் பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில், ஊட்டிக்குச் சுற்றுலா போன பள்ளிப் பிள்ளைகளின் பஸ் அரசு பஸ்ஸின் பின்னால் மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் கைவைத்திருந்தார்கள் என்று விசாரணையில் வெளிவந்தது. 2025 ஜனவரி 6இல் தஞ்சாவூர் போய்த் திரும்பிய கே.எஸ்.ஆர்.டி.சி. சுற்றுலா பஸ் குட்டிக்கானம் அருகே புல்லுப்பாறையில் பள்ளத்தில் விழுந்து நான்கு பேர் இறந்தபோது, முதலில் எழுந்த கேள்வியே பிரேக்கைப் பற்றியதுதான். வேகக் கருவியைத் திருத்தியவருக்கும், தேய்ந்த டயரோடு கூலியாட்களை ஏற்றுகிறவருக்கும், பிரேக் பிடிக்காத லாரியை மலையில் இறக்குகிறவருக்கும் எந்தச் சலுகையும் கூடாது. அவர்களின் வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். ஓட்டுநரை இந்த நிலைக்குத் தள்ளும் முதலாளியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பழுதான வண்டியை ஓட்ட விடுகிறவரையும் 190ஆம் பிரிவு சேர்த்தே சொல்கிறது.

அதே பாதுகாப்பின் பெயரால்தான் நான் இதையும் கேட்கிறேன். ஒற்றைப் பல்பு போன ஜீப்புக்குச் சலான் போட்டுவிட்டு, அதே ஒற்றைப் பல்போடு மலையேற அனுமதித்து விட்டால் யாருக்குப் பாதுகாப்பு? பல்பை மாற்றினாரா இல்லையா என்று கேட்பார் இல்லை. அபராதம் கட்டியவருக்கு, பல்பு வாங்க வைத்திருந்த பணம் போய்விட்டது. அவர் அன்று மாலையும் அதே வெளிச்சத்தில்தான் இறங்குவார்.

சீர்செய்யக் கூடிய சிறு கோளாறுக்குத் தவணை கொடுக்கும் வழக்கம் உலகில் புதிதில்லை. பிரிட்டனில் வாகனப் பழுது சீரமைப்புத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. பழுதை 14 நாளுக்குள் சரிசெய்து, அங்கீகரிக்கப்பட்ட சோதனை மையத்தில் முத்திரை வாங்கிக் காவல்துறையிடம் காட்டினால் வழக்கு இல்லை. கலிஃபோர்னியாவில் விளக்கு போன்ற கோளாறுக்குத் தரும் சீட்டைத் திருத்திக்கொள்ளக் கூடிய குற்றமாக எழுதுகிறார்கள். சரிசெய்ததற்கான கையெழுத்தோடு 25 டாலர் கட்டினால் விவகாரம் முடிந்தது. அங்கெல்லாம் வண்டி சரியாவதைத்தான் அரசு முதலில் பார்க்கிறது.

அந்த எண்ணம் நம் சட்டத்திலும் விதையாகக் கிடக்கிறது. வண்டிக் காகிதங்களைக் கையில் வைத்திருக்காதவர் 15 நாளுக்குள் கொண்டுவந்து காட்டலாம் என்கிறது மத்திய விதி 139. புகை விஷயத்தில், சோதனை செய்து சான்றிதழைக் காட்ட ஏழு நாள் கொடுக்கிறது விதி 116. பொது இடத்தில் ஓட்டினால் ஆபத்து என்ற நிலையிலுள்ள வண்டியின் பதிவையே நிறுத்திவைக்கும் 53ஆம் பிரிவுகூட, உரிமையாளரின் பேச்சைக் கேட்ட பிறகு, பழுது நீங்கும் வரை என்றுதான் சொல்கிறது. காகிதத்துக்கு 15 நாள் உண்டு, புகைக்கு ஏழு நாள் உண்டு, பல்புக்கு ஒரு நாளும் இல்லை என்பதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

ஆகவே ஏழு நாள் கேட்கிறேன். ஹெட்லைட், டேஞ்சர் லைட், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், ரிஃப்ளெக்டர் போன்றவற்றில் முதல் தடவை பிடிபட்டால் பழுதைக் குறித்து ஒரு செக் ரிப்போர்ட் கொடுக்கட்டும். பக்கத்து ஊர்ப் பட்டறை வரை மெதுவாகப் போய்ச் சரிசெய்துகொள்ளச் சொல்லட்டும். ஏழு நாளுக்குள் எந்த ஆர்.டி. அலுவலகத்திலும், தமிழ்நாட்டு அலுவலகத்திலும்கூட, வண்டியைக் காட்டினால் பெயரளவுத் தொகையோடு முடியட்டும். காட்டாதவருக்கு முழு அபராதம். ஒரு ஹேலஜன் பல்பு சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் பொருள். அதை மாற்றவைப்பதுதான் அரசின் வெற்றி.

எல்லையின் இரு பக்கமும் இது ஒன்றுபோல நடக்க வேண்டும். இன்று தொகையே ஒன்றாக இல்லை. ஹெல்மெட் இல்லாவிட்டால் கேரளத்தில் 500 ரூபாய், தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் 1,000 ரூபாய். ஒரே நாளில் இரண்டு மாநிலச் சாலையிலும் ஓடும் வண்டிக்கு இரண்டு கணக்கு. தேனியும் இடுக்கியும், கோவையும் பாலக்காடும் ஆட்சியர் அளவில் சந்தித்துப் பேசும்போது யானையும் தண்ணீரும் பேசப்படுகின்றன. வண்டிச் சலானுக்கும் அங்கே கொஞ்ச நேரம் ஒதுக்கலாம்.

தவணை ஒரு பாதி. மறுக்கிறவர் பேச ஓர் இடம் கிடைப்பது மறுபாதி. மெய்நிகர் நீதிமன்றத்தில் பணம் கட்டுவது ஐந்து நிமிட வேலையாக இருக்கும்போது, மறுப்பதற்கு மட்டும் ஏன் மலை ஏற வேண்டும்? கேரளத்தில் நீதிமன்றங்கள் காணொலியில் விசாரிக்க 2021இலேயே விதிகள் வந்துவிட்டன. 2024 நவம்பரில் கொல்லத்தில் செக் திரும்பிய வழக்குகளுக்காக, எந்நேரமும் இணையத்தில் இயங்கும் நீதிமன்றத்தையே தொடங்கினார்கள். பணம் கொடுத்து ஏமாந்தவர் தேடிப்போகும் நீதிமன்றம் இணையத்துக்கு வந்துவிட்ட மாநிலத்தில், 250 ரூபாய் சலானை மறுக்கிறவர் குமுளியிலோ மறையூரிலோ கொழிஞ்சாம்பாறையிலோ ஓர் அறையில் உட்கார்ந்து, தமிழ் தெரிந்த ஒருவர் துணையோடு காணொலியில் தன் பக்கத்தைச் சொல்ல முடியாதா? அந்தத் துணைக்கு ஆள் தேடவும் வேண்டாம். வட்டந்தோறும் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் அங்கே வக்கீல் இலவசம். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம். மறுத்து விண்ணப்பித்த சலானை, தீர்ப்பு வரும் வரை எஃப்.சி.க்குத் தடையாக வைக்கக் கூடாது என்றும் துறை உத்தரவிட வேண்டும். குற்றம் நிரூபணமாகும் முன்பே பிழைப்பை நிறுத்துவது தண்டனைக்கு முன்னால் தண்டனை.

இதெல்லாம் வரும் வரை ஓட்டுநர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. சலான் போட்ட இடத்திலேயே விளக்கைப் போட்டு ஒரு வீடியோ எடுங்கள்; எந்த விளக்கு எரிகிறது, எது எரியவில்லை, வெளிச்சம் எப்படி இருக்கிறது என்று அதில் தெரியட்டும். அன்றைக்கே பழுதைச் சரிசெய்து, வண்டி எண்ணும் தேதியும் எழுதிய பில் வாங்குங்கள். கடைசியாக எடுத்த எஃப்.சி.யையும் அதோடு சேர்த்து வையுங்கள். ஆர்.சி.யில் உங்கள் செல்போன் எண் இருக்கிறதா என்று பாருங்கள். சம்மன் வந்தால் நேரில்தான் போக வேண்டும் என்பதில்லை. வக்கீல் மூலமும் ஆஜராகலாம் என்று 208ஆம் பிரிவே சொல்கிறது. அபராதம் மட்டுமே தண்டனையான குற்றம் என்றால், தகுந்த காரணம் இல்லாமல் ஆறு மாதம் கடந்த பிறகு தாக்கலான புகாரை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க முடியாது. சலானில் உள்ள தேதியையும் நீதிமன்றத்தில் புகார் தாக்கலான தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பழுது உண்மையாகவே உங்கள் கவனக்குறைவு என்றால் பணத்தைக் கட்டிவிடுங்கள். அப்படி இல்லையென்றால் கட்டாதீர்கள்.

அரசுக்குச் சொல்ல ஒன்று மிச்சமிருக்கிறது. புதிய சட்டம் எதுவும் இதற்குத் தேவையில்லை. 2019இல் மத்திய சட்டம் அபராதங்களை ஏற்றியபோது, 200ஆம் பிரிவு தந்த அதிகாரத்தைக் கொண்டு கேரள அரசு இரண்டே மாதத்துக்குள் ஓர் அறிவிக்கை வெளியிட்டுப் பல இணக்கத் தொகைகளைக் குறைத்தது. அதே பிரிவின் கீழ், சிறு பழுதை ஏழு நாளுக்குள் நீக்கிக் காட்டியவருக்கு எவ்வளவு என்று தனியாக ஒரு தொகையைக் குறிக்கலாம். அந்த அறிவிக்கையைத் தமிழிலும் அச்சிட்டு, குமுளியிலும் போடிமெட்டிலும் கம்பம்மெட்டிலும் வாளையாரிலும் கோபாலபுரத்திலும் மீனாட்சிபுரத்திலும் வண்டிகள் நிற்கும் இடத்தில் ஒட்ட வேண்டும்.